அறுவடையோடு நெல் வாங்கி வைப்பதா? மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வயல் இல்லாத வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். வெள்ளாமை வெட்டும் காலத்தில் நெல் மலிவாகக் கிடக்கிறது. மார்கழியில் கடை அரிசி விலை ஏறுகிறது. இரண்டையும் பார்த்துவிட்டு, "இந்த முறை நெல்லாகவே வாங்கி வைப்போம்" என்று பல குடும்பங்கள் இறங்குகின்றன. சில வீடுகளில் அது தை வரை நல்ல சோறு போடுகிறது. சில வீடுகளில் ஐப்பசியிலேயே மூட்டைக்குள் கை வைக்க முடியாத சூடும் பூஞ்சை மணமுமாகப் போகிறது.

இதில் நெல்லின் குணத்தைவிட வேலையை எந்த ஒழுங்கில் செய்தார்கள் என்பதே பெரிய வித்தியாசம். பலரும் முதலில் நெல்லை வாங்கிவிட்டு, பிறகு காயவைக்க இடமும் வைக்கப் பாத்திரமும் தேடுகிறார்கள். அதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

1. வாங்குவது லாபமா என்பதை முதலில் கடதாசியில் பாருங்கள்

வயலில் கேட்கும் விலையையும் கடையில் அரிசி விலையையும் நேரே ஒப்பிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. நடுவில் இரண்டு கழிவுகள் இருக்கின்றன. ஒன்று ஈரம், மற்றது உமியும் தவிடும்.

வெட்டு மெசினிலிருந்து இறங்கும் நெல்லில் 20% ஈரம் இருப்பது சாதாரணம். வீட்டில் வைக்க வேண்டுமென்றால் அது 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 100 கிலோ நெல் அப்படிக் காய்ந்தால் 93 கிலோதான் மிஞ்சும். மில்லில் குத்தினால் காய்ந்த நெல்லின் எடையில் 60 முதல் 68 சதவீதம் வரை அரிசியாக வரும். கிராமத்து மில்லுக்கு 63% என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஓர் உதாரணம். ஈர நெல் கிலோ 100 ரூபாய் என்று வைப்போம். காய்ந்த நிலையில் அதன் விலை 107 ரூபாய் 50 சதம். அரிசியாகும்போது கிலோ ஏறக்குறைய 171 ரூபாய். ஏற்றுக்கூலி, அவிக்கிற விறகு, மில் கூலி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு இன்னும் 25 ரூபாய் போட்டால் 196. நாட்டரிசிக்கு 2024 டிசம்பரில் அரசு வைத்த உச்ச சில்லறை விலை 230 ரூபாய். அதோடு பார்த்தால் கிலோவுக்கு 34 ரூபாய் மிச்சம்.

ஐந்து பேர் உள்ள வீடு ஐந்து மாதத்துக்கு 225 கிலோ அரிசி எடுத்தால் மொத்த மிச்சம் 7,650 ரூபாய். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நெல்லை நான்கு பிளாஸ்டிக் பரல்களில் வைத்து அதில் ஒரு பரல் பழுதானால், போவது 56 கிலோ அரிசி. அதன் பெறுமதி 9,500 ரூபாய்க்கு மேல். முழு லாபமும் அந்த ஒரு பரலோடு போய்விடும். காயவைக்கவும் பாதுகாக்கவும் முடியாதவர்கள் நெல் வாங்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நகையை அடகு வைத்து வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். நெல் மாதாமாதம் குறைந்துகொண்டு போனாலும் அடகு மீளும்வரை வட்டி முழுத் தொகைக்கும் ஓடும். மேலே சொன்ன மிச்சத்தில் ஒரு பகுதியை அந்த வட்டி தின்றுவிடும். கையில் சும்மா இருக்கும் காசில் மட்டும் வாங்குங்கள்.

விலையை விட்டாலும் வேறு காரணம் ஒன்று உண்டு. 2024 கடைசியில் காசு இருந்தும் கடையில் நாட்டரிசி கிடைக்காத நிலை வந்தது. அப்போது வீட்டில் நெல் இருந்தவர்கள் வரிசையில் நிற்கவில்லை. எந்த வயலின் நெல், எந்த இனம் என்று தெரிந்து சாப்பிடுவதும் ஒரு பெறுமதிதான். உங்கள் காரணம் இதுவென்றால் லாபம் குறைந்தாலும் வாங்கலாம்.

2. எவ்வளவு வேண்டும் என்று அளந்து பாருங்கள்

"ஒரு பத்து மூட்டை எடுப்போம்" என்று கண்மதிப்பாகச் சொல்லாதீர்கள். ஒரு வாரம் முழுக்கச் சோறு, பிட்டு, இடியப்பம் எல்லாவற்றுக்கும் எடுக்கிற அரிசியை நிறுத்து எழுதுங்கள். இலங்கையில் ஓர் ஆள் வருடத்துக்குச் சாப்பிடுவது ஏறக்குறைய 110 கிலோ அரிசி. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைவிடக் குறையும்.

ஐந்து பேருக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ என்றால் ஐந்து மாதத்துக்கு 225 கிலோ. அதற்குக் காய்ந்த நெல் 357 கிலோ வேண்டும். 20% ஈரத்தோடு வாங்கினால் 384 கிலோ. புசல் 21 கிலோ என்ற கணக்கில் பதினெட்டுப் புசலுக்குச் சற்று மேல். முதல் முறை வாங்குபவர் இதில் பாதியோடு நிற்க வேண்டும். இடமும் ஆட்களும் எவ்வளவுக்குத் தாங்கும் என்று ஒரு போகம் பார்த்தால் தெரிந்துவிடும்.

3. எந்தப் போகத்து நெல்?

பெரும்போகம் மாசி, பங்குனியில் வெட்டுகிறார்கள். அப்போதுதான் நெல் அதிகமாக இறங்கும், விலையும் அதிகமாக விழும். ஆனாலும் முதல் முறை வாங்குபவருக்கு நான் சிறுபோக நெல்லைத்தான் சொல்வேன்.

முதல் காரணம் காய்ச்சல். சிறுபோகம் வெட்டும் ஓகஸ்டில் கச்சான் காற்றும் கடும் வெயிலும் இருக்கும். நெல் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். மாசியில் வெட்டு நடக்கும்போது பின்மழை பிடித்தால் படங்கை விரிப்பதும் சுருட்டுவதுமாகவே நாள் போகும்.

இரண்டாவது, தேவைப்படும் மாதங்கள். அரிசி விலை ஏறுவது பெரும்பாலும் ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில், அடுத்த பெரும்போகம் வருமுன். ஓகஸ்டில் வாங்கியதை நீங்கள் ஐந்து மாதம் மட்டும் காத்தால் போதும். மாசியில் வாங்கியதை மார்கழி வரை காப்பது வேறு வேலை. அதற்கு அனுபவம் வேண்டும்.

சிறுபோகம் எல்லா வட்டையிலும் செய்வதில்லை. குளத்துத் தண்ணீர் பாயும் இடங்களில்தான். மட்டக்களப்பில் உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் கீழும், அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வருகிற வயல்களிலும் தேடுங்கள். ஆடி மாதமே போய் விசாரித்து வைப்பது நல்லது. வெட்டு மெசின் வயலில் இறங்கிய பிறகு போனால் ஏற்கனவே பேசி வைத்த வியாபாரியின் லொறி நிற்கும்.

4. வெட்டுமுன் முற்பணம் கொடுப்பதா?

பசளைக்கும் மெசின் கூலிக்கும் காசு தேவைப்படுகிற விவசாயி, "இப்ப தாங்க தம்பி, வெட்டினதும் நெல்லாத் தாறன்" என்று கேட்பது உண்டு. விலை சற்றுக் குறைவாகவும் வரும். இனத்தையும் நீங்கள் முன்னரே தெரிவு செய்யலாம்.

ஆனால் அந்த நொடியிலிருந்து அறக்கொட்டியான் பூச்சியும் யானையும் வெள்ளமும் உங்கள் காசுக்கும் சேர்த்துத்தான். படுவான்கரையில் வெட்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் யானை இறங்கிய வயலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சிறுபோகத்துக்கு வெள்ளப் பயம் குறைவு, தண்ணீர் கடைசிவரை வருமா என்ற பயம் இருக்கிறது.

என் முடிவு இதுதான். ஆளையும் வயலையும் தெரிந்திருந்தால் மட்டும் கொடுங்கள், அதுவும் மொத்தத்தில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். பேசும்போது மூன்று விடயத்தை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த இனம், நிறை காய்ந்த நெல்லுக்கா ஈர நெல்லுக்கா, வெள்ளாமை அழிந்தால் காசு திரும்புமா அடுத்த போகத்து நெல்லாக வருமா. கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம். பிறகு மனத்தாங்கல் வருவதும் அதைக் கேட்காமல் விட்டதாலேயே. உறவுக்காரர் என்றால் இன்னும் அவசியம்.

5. நெல்லைக் கொள்வதற்கு முன்னரே இடத்தைத் தயாராக்குங்கள்

இவை வீட்டில் வந்த பிறகே வயலுக்குப் போங்கள்: இரண்டு பெரிய படங்கு, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பரல்கள், அவற்றைத் தூக்கி வைக்கக் கல்லும் பலகையும், ஒரு தராசு.

200 லீற்றர் பரல் ஒன்றில் 110 கிலோ அளவு நெல் பிடிக்கும். பழைய பரல் வாங்கினால் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். மருந்தோ இரசாயனமோ வந்த பரலை எத்தனை முறை கழுவினாலும் சாப்பாட்டுப் பொருளுக்கு எடுக்கக் கூடாது. மூடியைத் திறந்து முகர்ந்தால் மணம் இருக்கும்.

சாக்கு போதாதா என்று கேட்பார்கள். வெயில் காலத்தில் போதும். நமது ஊர்களில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மாரி பிறந்தால் காற்றே ஈரம். 14 சதவீதத்துக்குக் காயவைத்த நெல்லும் சாக்கில் கிடந்தால் அந்தக் காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதனால் மழைக்காலத்தைத் தாண்ட வேண்டிய நெல்லுக்குக் காற்றுப் புகாத பாத்திரம் கட்டாயம்.

வெள்ளம் வீட்டுக்குள் வருகிற இடமென்றால் 2024 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்ற அடையாளம் சுவரில் இன்னும் இருக்கலாம். பலகை அதற்கு மேலே இருக்கட்டும். மற்ற இடங்களில் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் போதும்.

6. வயலில் நெல்லைப் பார்க்கும் முறை

இனத்தை முதலில் கேளுங்கள். வெள்ளை நாட்டுக்கு பிஜி 94-1, சிவப்புக்கு ஏடி 362, சம்பாவுக்கு பிஜி 358, கீரிச்சம்பாவுக்கு பிஜி 360 என்று இலக்கம் சொல்வார்கள். இரண்டு இனம் கலந்த நெல்லை விலை குறைவென்று எடுக்காதீர்கள். மணி பெரிதும் சிறிதுமாக இருந்தால் அவியும்போது ஒன்று வெடித்துவிடும், மற்றது வேகாமல் நிற்கும்.

அடுத்தது பதர். மூட்டையின் மேலிருந்து மட்டும் அள்ளாமல் நடுவிலும் அடியிலும் கைவிட்டு எடுங்கள். ஒரு கிலோவைச் சுளகில் புடைத்துவிட்டுத் திரும்ப நிறுங்கள். எத்தனை கிராம் குறைகிறதோ அதைச் சொல்லியே விலை பேசலாம்.

ஈரம்தான் முக்கியம். பழகிய விவசாயி ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். காய்ந்தது 'டக்' என்று உடையும், ஈரமானது நசியும். பழகாதவருக்கு உப்புப் போத்தல் முறை நல்லது. கொஞ்சம் தூள் உப்பைச் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, இறுக்கி மூடி எடுத்துப் போங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு நெல் போட்டு, இரண்டு மூன்று தேக்கரண்டி உப்புச் சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணித்தியாலம் வைத்துவிட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிப் படலமாக நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் கீழே உதிர்ந்தால் அதற்குக் குறைவு.

ஈர நெல் வாங்குவது பிழையல்ல, காய்ந்த நெல்லின் விலைக்கு வாங்குவதுதான் பிழை. நெல் சந்தைப்படுத்தும் சபை 2025 பெப்ரவரியில் நாட்டுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாய் என்று அறிவித்த விலை 14% ஈரத்துக்குக் காய்ந்த நெல்லுக்கானது. இதைத் தெரியாமல் அந்த விலையையே ஈர நெல்லுக்கும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதேநேரம், கணக்குக்கு மேலே கழிவு கேட்டு விவசாயியை நெருக்காதீர்கள். நூற்றுக்கு ஏழு கிலோ ஈரம் என்றால் ஏழு கிலோதான் நியாயம். அடுத்த போகமும் அவரிடம்தான் போகப் போகிறீர்கள்.

விதைக்கென்று வைத்து மிஞ்சிய நெல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. அதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கலாம்.

7. காயவைத்தல்

நெல் வந்த அன்றே விரிக்க வேண்டும். ஈர நெல்லை மூட்டையோடு ஓர் இரவு வைத்தால் உள்ளே சூடேறும். அரிசி மஞ்சளாவது அங்கே தொடங்குகிறது, பிறகு எந்த வெயிலாலும் அந்த நிறம் போகாது. மாலையில் வந்து சேர்ந்தால் படங்கில் கொட்டிப் பரப்பி, பனி படாமல் விறாந்தையில் வையுங்கள்.

விரிக்கும்போது இரண்டு விரல் தடிப்புக்கு மேல் வேண்டாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை காலாலோ பலகையாலோ கிளறுங்கள். மேல் மணி காய்ந்து அடி மணி ஈரமாக இருந்தால் கலந்து கட்டும்போது ஈரம் பரவும்.

உச்சி வெயிலில் இரண்டு மணித்தியாலம் நெல்லைக் குவித்து மூடிவிடுங்கள் என்றால் பலர் நம்புவதில்லை. "இந்த வெயிலை விட்டா எப்பக்கா காய்றது?" என்பார்கள். மணி மிக வேகமாகக் காய்ந்தால் உள்ளே வெடிப்பு விழுகிறது. பச்சையரிசியாகக் குத்தப் போகிற நெல் அப்படி வெடித்தால் மில்லில் குறுநலாக, அதாவது உடைந்த அரிசியாகக் கொட்டும். அவிக்கப் போகிற நெல்லுக்கு இந்தக் கண்டிப்பு இல்லை, அவியும்போது வெடிப்பு மூடிக்கொள்ளும்.

தார் ரோட்டில் காயப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். வாகனம் ஏறி மணி உடைகிறது, கல் சேர்கிறது, மோட்டார் சைக்கிள்காரர் சறுக்கி விழுகிறார்.

மூன்றாம் நாள் உப்புப் போத்தல் முறையைத் திரும்பச் செய்யுங்கள். அது 15 சதவீதத்தைத்தான் காட்டும் என்பதால், உப்பு உதிர்ந்த பிறகும் இன்னொரு நல்ல வெயில் காட்ட வேண்டும். முடியுமானால் கொஞ்ச நெல்லை எடுத்துப்போய் ஈரமானி உள்ள மில்லில் பார்த்து 13, 14 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

8. அடைத்து வைத்தல்

மாலையில் வெயில் சூட்டோடு அள்ளிக் கட்டாதீர்கள். சூடான நெல் மூடிய பரலுக்குள் ஆறும்போது மூடியில் நீர் கோர்த்து மேல் நெல்லில் சொட்டும். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் பனி இல்லாத நேரம் அடையுங்கள்.

பரலை முடிந்தவரை நிரப்புங்கள். உள்ளே மிஞ்சும் காற்று குறையக் குறைய நல்லது. நெல்லோடு வந்த வண்டும் அந்துப்பூச்சியும் இருக்கிற காற்றைத் தீர்த்துவிட்டுத் தாமே சாகும். மூடியின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினால் இன்னும் இறுகும். பரலின் வெளியே இனத்தையும் அடைத்த திகதியையும் எழுதுங்கள்.

வீட்டுக்குள் நெல்லுக்குப் பூச்சிக்குளிசை போடவே வேண்டாம். அலுமினியம் பொஸ்பைட் குளிசையிலிருந்து வருகிற வாயு ஆளைக் கொல்லும். நெல் வைத்த அறைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் படுக்கிற வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சே இருக்கக் கூடாது. காய்ந்த வேப்பிலை போடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் ஈர நெல்லை வேப்பிலை காப்பாற்றாது.

9. மழைக்கு முன் அவித்து வையுங்கள்

பலரும் சறுக்குகிற கடைசி இடம் இது. நெல் நன்றாக இருக்கும். கார்த்திகையில் நாட்டரிசிக்காக அவிக்கலாம் என்று எடுத்தால், அவித்ததைக் காயவைக்க வெயில் இருக்காது. இரண்டு நாள் ஈரத்தில் கிடந்தால் புளித்த மணம் ஏறிவிடும். அந்த மணம் சோற்றிலும் வரும்.

அதனால் ஐப்பசி பிறக்குமுன், கார்த்திகை முதல் தை வரைக்குத் தேவையானதை அவித்து, காயவைத்து, உமியோடு பரலில் அடைத்துவிடுங்கள். அவித்த நெல்லும் உமி இருக்கும்வரை மாதக்கணக்கில் நிற்கும். ஊறவைத்த தண்ணீரை இடையில் மாற்றினால் மணம் குறையும். உமி வாய் பிளக்கத் தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும்.

பச்சையரிசிக்கென்று வைத்ததை அவசரப்பட்டுக் குத்தாதீர்கள். புது நெல்லரிசிச் சோறு குழையும், ஒட்டும். பொங்கலுக்கு அது நல்லது, கறியோடு சாப்பிட அல்ல. மூன்று நான்கு மாதம் கிடந்தால் அரிசி கூடத் தண்ணீர் குடித்து, சோறு உதிரியாகவும் கூடவும் வரும்.

10. எடுக்கும் ஒழுங்கு

ஒரு பரலைத் திறந்தால் முழுவதையும் மில்லுக்குக் கொண்டுபோங்கள். தினமும் மூடியைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் காற்றும் ஈரமும் உள்ளே போய், அடைத்ததன் பயனே இல்லாமல் போகும். பரலுக்கு 90 கிலோ என்று பிரித்து வைத்திருந்தால் 56 கிலோ அரிசி வரும். நாளைக்கு ஒன்றரைக் கிலோ எடுக்கும் வீட்டுக்கு அது ஐந்து வாரத்துக்குக் காணும்.

அதற்கு மேல் ஒரேயடியாகக் குத்தி வைக்க வேண்டாம். உமி போனால் அரிசிக்குக் காவல் இல்லை. குறிப்பாகத் தவிடு உள்ள சிவப்புப் பச்சையரிசி சில வாரத்தில் கசப்பு மணம் பிடிக்கும்.

மில்லில் ரப்பர் ரோலர் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஒற்றை மெசினில் குத்தினால் குறுநல் கூடும், அரிசி குறையும். உங்கள் நெல்லைத் தனியாகப் போடச் சொல்லி, முடியும்வரை பக்கத்தில் நின்று நிறுத்து எழுதுங்கள். தவிட்டையும் குறுநலையும் விட்டுவிட்டு வராதீர்கள், கோழிக்கோ மாட்டுக்கோ ஆகும். தவிட்டை அந்த வாரத்திலேயே கொடுத்து முடித்துவிடுங்கள்.

முதல் பரலில் நீங்கள் எழுதிய எடைதான் மிச்சப் பரல்களுக்குக் கணக்கு. நூறு கிலோவுக்கு 60 கிலோவும் வரவில்லை என்றால் அடுத்த பரலை வேறு மில்லுக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் அதே அளவுதான் வந்தால் குறை நெல்லில் அல்லது காயவைத்ததில் இருக்கிறது. அப்போது பெரும்போகத்து நெல்லுக்கு இப்போதே முற்பணம் பேசாமல், மாசியில் வேறு வயல்களையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.